ராஸ் அல் கைமாவில் ஒரு சொல் குறைந்த லிங்கன்

புதன்கிழமை மதியம் ஷார்ஜா விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எனக்கு ஒரு பொன்னாடை போட்டார்கள். போட்ட கையோடு என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். இரண்டையும் செய்தவர் ஒருவரே: தமிழ்ச் சங்கத் தலைவர் சுந்தரேசன். கும்பகோணத்துக்காரர். ராஸ் அல் கைமாவில் ஒரு கல்குவாரி கம்பெனியில் நிர்வாக மேலாளர். எப்போதும் சிரித்த முகம்.

“விசிட் விசா எங்க கம்பெனி ஸ்பான்சர்ல எடுத்தது மேடம். பாஸ்போர்ட் ஸ்பான்சர்கிட்ட இருக்கறதுதான் இங்க வழக்கம். கிளம்பறப்ப பத்திரமா தந்துடுவோம்” என்றார்.

எனக்கு அது முதல் வெளிநாட்டுப் பயணம். வழக்கம் என்கிறாரே என்று கொடுத்துவிட்டேன். விமானத்தில் தூங்காமல் வந்த களைப்பு வேறு.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பிப்ரவரி மாதம் அது. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். விடுமுறை கிடைத்தால் பட்டிமன்றங்களுக்கு நடுவராகப் போவேன். கோபக்காரி என்று பெயர் உண்டு. அதற்காகவே கூப்பிடுகிறவர்களும் உண்டு. வளைகுடாவிலிருந்து அழைப்பு வந்தபோது தலைப்பைப் பார்த்துத்தான் சம்மதித்தேன்: ‘ஆபிரகாம் லிங்கனை உயர்த்தியது நாவா, உழைப்பா?’ வியாழன் துபாய், வெள்ளி ராஸ் அல் கைமா, சனி புஜைரா. ஞாயிறு ஊருக்குத் திரும்ப விமானம்.

பட்டிமன்றம் பேசப் பிறந்தவர் என்று ஒரு வெள்ளைக்காரரைச் சொல்வதானால் லிங்கனைத்தான் சொல்வேன். ஜனாதிபதி ஆவதற்கு முன்பு, ஒரு செனட் தேர்தலில் தன் எதிராளியோடு ஊர் ஊராகப் போய் ஏழு இடங்களில் பொதுமக்கள் முன்னால் வாதாடியவர். அந்தத் தேர்தலில் தோற்றார். ஆனால் அந்த வாதங்கள் அச்சாகி நாடு முழுவதும் போனதால்தான் பெரிய தேர்தலில் நிற்கவே வழி பிறந்தது. அந்த ஏழு மேடைகளிலும் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று கேட்டால் ஒரே விடைதான் உண்டு. மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருக்கலாமா என்பதைத்தான்.

துபாய்க்கு என்னைக் காரில் கூட்டிப்போனவர் செய்யது காக்கா. காயல்பட்டினத்துக்காரர், துபாயின் தேரா கடைத்தெருவில் பெட்டியும் போர்வையும் விற்கும் கடை. காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். சங்கத்துக்கு வருகிறவர்களைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போடுவதை அவரும் அவர் மனைவியும் கடமையாகவே வைத்திருந்தார்கள். ஷார்ஜாவையும் துபாயையும் பிரிக்கிற எல்லைக்கோடு ஏதாவது தெரிகிறதா என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, கட்டடம்தான். வழியில் ஒரு மலையாளிக் கடையில் சாயா குடித்தோம். ஒரு திர்ஹம், அன்றைக்குப் பத்து ரூபாய். ஊரில் அதே சாயா ஒன்றரை ரூபாய் என்று வாய்விட்டுச் சொன்னேன். “மாத்திப் பாக்காதீய டீச்சரம்மா, பாத்தா ஒண்ணும் தொண்டையில எறங்காது” என்று சிரித்தார் காக்கா.

சாயங்காலம் காக்கா வீட்டுக்கு சுந்தரேசன் வந்தார். அங்கேதான் அந்த வேண்டுகோளை எடுத்தார்.

“ஒரே ஒரு விஷயம் மேடம். அந்த ஸ்லேவரி மேட்டரை மட்டும் தொட வேண்டாம். அடிமைங்கற வார்த்தை மேடையில வரவே கூடாது. டீம் ஆளுங்ககிட்டயும் சொல்லிட்டேன்.”

விளையாடுகிறார் என்று நினைத்தேன். “லிங்கன் பட்டிமன்றத்துல அடிமைங்கற வார்த்தை வரக்கூடாதா? அப்புறம் அவரு எதுக்குய்யா ஏழு ஊரு சுத்துனாரு? ஊரு பாக்கவா?”

“வெள்ளிக்கிழமை புரோக்ராம் எங்க கம்பெனி கேம்ப்ல. முதலாளியோட பையன் வர்றார். லேபர் எல்லாம் உக்காந்திருப்பாங்க. தப்பா எடுத்துப்பாங்க.”

“முதலாளி மகனுக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியாது.”

“பெறகு?”

“யாராவது அரபில சொல்லிட்டா?”

இதுதான் என்னை ஆத்திரத்தின் உச்சிக்குக் கொண்டுபோனது. அந்த அரபி எதையும் கேட்கவில்லை, எதையும் தடுக்கவில்லை. பட்டிமன்றம் என்றால் என்ன என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் கோபித்துக்கொள்ளக்கூடும் என்று நம் ஆள் ஒருவர் கற்பனை செய்து, அந்தக் கற்பனைக்குப் பயந்து, நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன மனிதரின் வாயைப் பொத்துகிறார்.

நான் கத்தினேன். லிங்கன் தன் கட்சிக்காரர்கள் முன்னால் படிக்கப்போன ஒரு பேச்சை முதலில் நண்பர்களிடம் காட்டியபோது, பாதி அடிமையும் பாதி சுதந்திரமுமாக நாடு நிற்காது என்ற பகுதியை எடுத்துவிடு, தேர்தலில் தோற்பாய் என்றார்கள். எடுக்க மாட்டேன் என்று பேசினார், தோற்றார், அதனால்தான் அவர் லிங்கன் என்றேன். சுந்தரேசன் சிரிப்பு மாறாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதே லிங்கன் வடக்கே போனா ஒரு மாதிரியும் தெற்கே போனா ஒரு மாதிரியும் பேசினார்னு எதிராளி சொல்லலையா மேடம்? ஊருக்குத் தகுந்த மாதிரி அவரும் அட்ஜஸ்ட் பண்ணினவர்தானே?”

படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். சொன்னதும் உண்மைதான். தெற்குப் பக்கத்து ஊர் ஒன்றில், வெள்ளையரும் கறுப்பரும் சமம் என்று நான் சொல்லவே இல்லை என்று லிங்கன் பேசியதை வகுப்பில் படித்துக்காட்டும்போது எனக்கே நாக்கூசும். உண்மை தப்பான ஆளின் வாயிலிருந்து வந்தால் கோபம் இரட்டிப்பாகிறது. என்னால் முடியாது, பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், நாளைக்கே போகிறேன் என்றேன். “ஆபீஸ் லாக்கர்ல இருக்கு மேடம். வியாழன், வெள்ளி லீவ்” என்றார். அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே விடுமுறைதான்.

வியாழன் காலை, பேசுகிறவர்கள் காக்கா வீட்டில் கூடினார்கள். நாவின் அணியில் தேவசகாயம் என்று ஒருவன் இருந்தான். நாகர்கோவில் பக்கம், முப்பத்து நாலு வயது, எட்டு வருஷமாக அந்தக் குவாரியில் ஸ்டோர் கீப்பர். நல்ல குரல். அது நல்ல குரல் என்று அவனுக்கும் நன்றாகவே தெரியும். தேநீர் கேட்பதைக்கூட மேடையில் கேட்பதுபோல்தான் கேட்டான். நான் பேச மறுத்தது அவன் காதுக்கு எட்டியிருந்தது. என்னைத் தனியாகப் பால்கனிக்குக் கூப்பிட்டான்.

“எக்கா, ஒங்க காலப் புடிச்சிக் கேக்கேன். அந்த வார்த்தையச் சொல்லாண்டாம். எனக்குக் கல்யாணம் வச்சிருக்கு.”

“ஒனக்குக் கல்யாணம்னா நான் ஏன்பா வாயப் பொத்தணும்?”

“என் பாஸ்போர்ட்டு கம்பெனியில கெடக்கு. லீவு கேட்டு ரெண்டு தடவ தேதி தள்ளிப்போச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க இனிப் பொறுக்க மாட்டோம்னுட்டாங்க. அடுத்த வாரம் தாலிகெட்டு. தவக்காலம் தொடங்கியாச்சுன்னா கோயில்ல கல்யாணம் கெடையாது, பாத்துக்கிடுங்க. புரோக்ராம் நல்லபடியா முடிஞ்சா பாஸ்போர்ட்டு தாறேன்னு தலைவர் சொல்லியிருக்காரு. நீங்க பேசிட்டு ஃபிளைட்டு ஏறிப் போயிருவிய. நான் இங்கதான கெடக்கணும்?”

கோபம் என்னுடையது, செலவு அவனுடையது என்றால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சரி என்றேன். சொல்லும்போதே வாய் கசந்தது.

துபாய்க் கூட்டம் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. வங்கிக்காரர்கள், பொறியாளர்கள், பட்டுப்புடவைகள், மல்லிகை வாசனை, ஆங்கிலத்தில் சண்டை போடும் பிள்ளைகள். லிங்கன் மரக்குடிசையில் பிறந்தார், விறகு பிளந்தார், கடன் வாங்கிய புத்தகம் படித்தார். தேர்தல் நேரத்தில் ஒரு சிறுமி எழுதிய கடிதத்தைப் பார்த்துத் தாடி வளர்த்தார். போரில் செத்தவர்களின் கல்லறைத் தோட்டத்தில் வேறொருவர் இரண்டு மணி நேரம் பேசிய பிறகு எழுந்து இரண்டே நிமிடம் பேசிப் பெயரைத் தட்டிக்கொண்டு போனார். எல்லாம் சொன்னோம். எதற்காகப் போர் நடந்தது, கல்லறையில் கிடந்தவர்கள் எதற்காகச் செத்தார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. எங்கள் லிங்கன் ஏதோ சுயமுன்னேற்ற வகுப்பு நடத்துகிறவர்போல் ஆகிவிட்டார். கைதட்டல் பிரமாதம்.

கூட்டம் முடிந்ததும் ஒரு வேடிக்கை. எனக்குப் போட்ட பொன்னாடையைத் திரைக்குப் பின்னால் ஓர் அம்மாள் வந்து பணிவாக வாங்கிக்கொண்டார். “தப்பா நினைக்காதீங்க மேடம். இங்க பொன்னாடை கிடைக்கறதில்ல. நாளைக்கும் வேணும்.” பேசிய ஆறு பேரிடமும் அப்படியே வாங்கி, மடித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். கேடயத்தையும் போட்டோ எடுத்தபின் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பயணத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போது மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, சாப்பிட்டு, காக்காவின் காரில் கிளம்பினோம். ஷார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன் தாண்டி ராஸ் அல் கைமா. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இடப்பக்கம் அவ்வப்போது கடல், வலப்பக்கம் மணல், ஒட்டகம் கடக்கும் என்று எச்சரிக்கும் பலகை. ஊரைத் தாண்டி வடக்கே போகப் போக மலை நெருங்கி வந்தது. பச்சை ஒரு துளி இல்லாத சாம்பல் மலை. அதை வெட்டி வெட்டி லாரியில் ஏற்றுகிறார்கள். அந்த மலையின் தூள்தான் கேம்ப் முழுக்க. கூரை, தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் லுங்கி, மனிதர்களின் புருவம், எல்லாம் அதே சாம்பல்.

தகர அறைகள் வரிசையாக நின்றன. ஓர் அறையைத் திறந்து காட்டினான் தேவசகாயம். அடுக்குக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலுக்கும் பழைய சேலையில் ஒரு திரை. பன்னிரண்டு பேர் என்றான். விடுமுறை நாள் என்பதால் நிழலில் ஒருவருக்கொருவர் முடிவெட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கத்தரி நின்றது. சேலை கட்டிய பெண் அந்த வளாகத்துக்குள் வருவது அதுதான் முதல் தடவையாம். பெண்களுக்கென்று கழிப்பறையும் இல்லை. காக்கா என்னை மறுபடி காரில் ஏற்றி ஒரு பெட்ரோல் பங்குக்குக் கூட்டிப்போய் வந்தார். “நடுவரை வரவழைக்கத் தெரியுது, இது தெரியலையா?” என்று வழியெல்லாம் திட்டினேன். “கோவப்படாதீய டீச்சரம்மா, எல்லாம் மஃபி முஷ்கில்” என்றார். பிரச்சினை இல்லை என்பதற்கான அரபு. அங்கே எல்லாப் பிரச்சினைக்கும் அதையே சொன்னார்கள்.

லாரி நிறுத்தும் இடத்தில் மேடை. முன்னால் குடும்பத்தோடு வந்தவர்களுக்கு நாற்காலிகள், பின்னால் தொழிலாளிகளுக்கு ஜமுக்காளம். நட்ட நடுவே வெள்ளைத் துணி போர்த்திய பெரிய நாற்காலி ஒன்று. முதலாளி மகனுக்கு. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து தொடங்கினோம். ஒருவர், இருவர், மூவர் பேசி முடித்தார்கள். நாற்காலி காலியாகவே இருந்தது. தேவசகாயம் பேசும்போதும் காலி. அவன் அன்று அருமையாகப் பேசினான், அந்த ஒரு சொல் இல்லாமல். அவர் வரவே இல்லை. வராத ஒருவரின் வெறும் நாற்காலிக்காக லிங்கன் தன் வார்த்தையை இழந்து நின்றார். நடுவர் இருக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாதம் முடிந்து நான் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நேரம். வெளிச்சம் போவதற்குள் போட்டோ எடுத்துவிடலாம், மரியாதையை முதலில் செய்துவிடுவோம் என்றார் சுந்தரேசன். எல்லோருக்கும் அதே பொன்னாடைகள் வந்தன. தேவசகாயத்தின் முறை வந்தபோது மைக்கைப் பிடித்தார்.

“நம்ம தேவாவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். கம்பெனி சார்பா ஒரு ஸ்பெஷல் பரிசு! நடுவர் அம்மா கையால கொடுக்கணும்னு கேட்டுக்கறேன்.”

ஒரு தாம்பாளம் வந்தது. அதில் பொன்னாடை. பொன்னாடையின்மேல் அவனுடைய பாஸ்போர்ட்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் படம் ஒட்டிய, அவன் பெயர் எழுதிய, அவனுக்காக நம் அரசாங்கம் கொடுத்த புத்தகம். அவன் பொருளை அவனுக்கே பரிசாகக் கொடுக்கிறார்கள், என் கையால். தூக்கி எறியலாமா என்றிருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். வாயெல்லாம் பல். கொடுத்தேன். கேமரா மின்னியது. கூட்டம் ஆரவாரித்தது.

மேடையின் பக்கவாட்டில் திரை மறைவுக்கு வந்தோம். அந்த அம்மாள் பிளாஸ்டிக் பையோடு நின்றார். பொன்னாடைகளை வாங்கினார். சுந்தரேசன் தேவசகாயத்திடம் கையை நீட்டினார். “அதையும் குடுப்பா.”

அவன் கொடுத்துவிட்டான். யோசிக்கக்கூட இல்லை. எட்டு வருஷப் பழக்கம், கை தானாக நீண்டது.

“என்னய்யா இது? குடுத்தத வாங்குறீங்க?” என்றேன்.

“போட்டோவுக்குத்தான் மேடம். சங்க மலர்ல போடணும். லீவ் பேப்பர்ல முதலாளி இன்னும் சைன் பண்ணலை. அடுத்த மாசம் பார்த்துக்கலாம்.”

அடுத்த மாதம் தவக்காலம். தேவசகாயம் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தீர்ப்புச் சொல்ல மைக்குக்குப் போகிறேன், எல்லாவற்றையும் கொட்டப்போகிறேன் என்று திரும்பினேன். அவன் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினான்.

“நீங்க இரியுங்க எக்கா. ‘நா’ அணின்னு என் பேரைத்தான போட்டிருக்காவ?”

மைக்கின் முன் போய் நின்றான். இந்தத் தடவை அந்த மேடைக் குரல் இல்லை.

“தாம்பாளத்துல தந்தத உள்ள வச்சுத் திரும்ப வாங்கிட்டாவ. அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம் கெடையாது. லிங்கனைப் பத்தி ரெண்டு நாளாப் பேசுதோம். அவரு அடிமைகளுக்காகப் பேசுனவரு. அந்த வார்த்தையச் சொல்லப்பிடாதுன்னாவ, நானும் சொல்லல. இப்போ ஒண்ணு கேக்கேன். இங்க இருக்கதுல ஆரு ஆருக்குச் சொந்தப் பாஸ்போர்ட்டு சொந்தக் கையில இருக்கு? கையத் தூக்குங்க பாப்போம்.”

ஜமுக்காளத்தில் ஒரு கை எழவில்லை. அது தெரிந்ததுதான். நான் நாற்காலிகளைப் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு பொறியாளர் குனிந்து தன் குழந்தையின் செருப்பைச் சரிசெய்தார். பட்டுப்புடவைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. செய்யது காக்காவின் கை தோள் வரை வந்து, “என்னுதும் கஃபீல்கிட்டதான் கெடக்கு” என்ற முணுமுணுப்போடு இறங்கியது. கஃபீல் என்றால் கடைக்கு உரிமம் எடுத்துக்கொடுத்த உள்ளூர்க்காரர். சுந்தரேசனைப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான பாஸ்போர்ட்டுகளைப் பூட்டிவைத்திருக்கும் அந்த மனிதரின் இரண்டு கைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. அவருடையது முதலாளியின் பெட்டகத்தில்.

அந்தத் திருப்தியில் அரை நிமிடம் நின்றிருப்பேன். பிறகுதான் உறைத்தது, என் கையும் எழவில்லை என்று.

பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். “எங்களோடது எப்ப சார்?” கேட்டவன் யாரென்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவன் எழுந்தான், அடுத்தவன் எழுந்தான். யாரும் கூச்சல் போடவில்லை. சுந்தரேசன் அதுவரை இல்லாத குரலில் “கலாஸ், கலாஸ்! புரோக்ராம் ஓவர்” என்றார். விளக்குகளை அணைக்கச் சொன்னார். காக்கா என்னைக் காரில் ஏற்றிவிட்டார். தீர்ப்புச் சொல்லப்படவே இல்லை.

சனிக்கிழமை புஜைரா நிகழ்ச்சி ரத்து என்று காக்கா வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. நானும் அவரும் டெலிவிஷனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மனைவி மட்டும் “அந்தப் புள்ள என்ன ஆச்சோ” என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை விமான நிலையத்தில் அதற்கு விடை நின்றது. சுந்தரேசனின் பக்கத்தில் தேவசகாயம், ஒரே ஒரு பெட்டியோடு. விசாவை ரத்து செய்து அனுப்புகிறார்கள். இனி அந்த நாட்டுக்குள் வேலைக்கு வர முடியாது. எட்டு வருஷம் சேர்த்த சாமானில் முக்கால்வாசியை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். எங்கள் இருவர் பாஸ்போர்ட்டையும் விமானச் சீட்டுக் கொடுக்கும் மேஜையில் வைத்துத்தான் சுந்தரேசன் கையை எடுத்தார். என்னிடம், “உங்க லிங்கன் பேசிட்டுப் போயிடுவார் மேடம். அப்புறம் ஆபீஸ்ல உக்காந்து முதலாளிக்குப் பதில் சொல்றது நான்” என்றார். சிரிப்பு அப்போதும் இருந்தது. திட்ட வாய் வந்தது. அந்தச் சிரிப்பு போய் உட்காரும் ஆபீஸையும் அந்தப் பெட்டகத்தையும் நினைத்துத் திட்டாமல் விட்டேன். அவர்மேல் உள்ள கோபம் மட்டும் இன்றுவரை தீரவில்லை. அன்று எழுந்து நின்றவர்கள் எல்லாம் அந்தத் தகர அறைகளிலேயேதான் இருந்தார்கள், அது எப்படித் தீரும்?

விமானத்தில் தேவசகாயம் என் பக்கத்து இருக்கை கேட்டு வாங்கிக்கொண்டான். பாஸ்போர்ட்டைத் திறந்து, மெலிந்த மீசை வைத்த தன் பழைய படத்தை வெகுநேரம் பார்த்தான். கல்யாணம் நடக்கும், வேலை இல்லாத மாப்பிள்ளை என்று பெண் வீட்டில் என்ன சொல்வார்களோ தெரியாது என்றான். பிறகு திடீரென்று கேட்டான்.

“எக்கா, தீர்ப்பு சொல்லவே இல்லையே. நாவா, உழைப்பா?”

“எட்டு வருஷம் ஒழச்ச. ரெண்டு நிமிஷம் பேசுன. எது ஒன்ன வீட்டுக்குக் கொண்டுபோகுது?”

“ரெண்டும் இல்ல. கேன்சல்தான் கொண்டுபோகுது” என்றான். சிரித்தோம். கொஞ்ச நேரம்தான்.

திருவனந்தபுரத்தில் குடிநுழைவு வரிசையில் அவன் எனக்கு முன்னால் நின்றான். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி கையை நீட்டினார். இவன் பாஸ்போர்ட்டை நீட்டினான், ஆனால் விடவில்லை. அவர் இழுத்தார். இவன் விரல்கள் வெளுக்கும் அளவுக்கு இறுகியிருந்தன.

“விடணும் சாரே. சீல் அடிக்கணும்” என்றார் அவர், மலையாளம் கலந்த தமிழில்.

“அடிச்சிட்டு இப்பமே தருவியளா?”

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். இதென்ன கேள்வி என்பதுபோல் என்னையும் பார்த்தார். வளைகுடாவிலிருந்து திரும்பி வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.